தானத்து மாடும் சந்தை மாடும்: வணிகத்தில் 'இலவசம்' என்னும் சொல்லின் வரலாறு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாட்டின் வயதை அதன் பல் காட்டிவிடும். ஆதலால் சந்தையில் மாடு வாங்குவோன் முதற்கண் அதன் வாயைத் திறந்து பல் பார்ப்பான். அது அவனுடைய உரிமை. ஆனால், அன்பின் பொருட்டு ஒருவர் மனமுவந்து கொடுத்த மாட்டை அங்ஙனம் சோதிப்பது கொடுத்தவரை இழிவுபடுத்துவதாகும். விலைப் பொருளை ஆராய்ந்து பார். கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள். இதுவே அப்பழமொழி உணர்த்தும் நன்னெறி.

இந்த நன்னெறியையே ஒரு வணிகன் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்திக் கொண்டால் என்ன ஆகும்? விற்பனை மாட்டுக்குத் 'தானம்' என்று பெயர் சூட்டிவிட்டால், வாங்குவோன் பல்லைப் பார்க்க நாணுவான். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக வணிக உலகில் 'இலவசம்' என்னும் சொல் செய்துவரும் வேலை பெரும்பாலும் இதுதான். இக்காலத்தில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 'இலவசக் கைப்பேசி', 'இலவசத் தரவு', 'பணம் திரும்பப் பெறலாம்' என்று விடுக்கும் அறிவிப்புகள் புதுமையானவை அல்ல. ஒரு பழைய மரபின் புதிய கிளைகள். அம்மரபின் வரலாற்றை அறிந்தவர்க்கு இன்றைய விளம்பரங்களின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

கொசுறும் பரிசும்

வாங்கிய பொருளுக்கு மேலாகச் சிறிது கொடுப்பது தமிழர் அங்காடிக்குப் புதிதன்று. காய்கறி வாங்கியவருக்குக் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைக் கூடையில் போடுவதும், படியளந்தபின் ஒரு கைப்பிடி அரிசி சேர்ப்பதும் வழக்கம். இதனைக் 'கொசுறு' என்பர். கொசுறுக்கு மூன்று இயல்புகள் உண்டு. பேரம் முடிந்து விலை தீர்ந்த பின்னரே அது வரும். முன்கூட்டி விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதற்கு அது பயன்படுவதில்லை. கொடுப்பதும் கண்முன்னே, பெறுவதும் கண்முன்னே. அதற்காக வாங்குவோன் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் உட்படுவதில்லை. மறுநாள் வேறு கடைக்குச் செல்ல அவனுக்குத் தடையில்லை.

விளம்பரப் பரிசு இம்மூன்றிலும் கொசுறுக்கு நேர்மாறானது. அது விலைக்கு முன்னே வருகிறது, பின்னொரு நாளில் கிடைப்பதாக வாக்களிக்கப்படுகிறது, பெறுவோனைக் கட்டிப்போடுகிறது. இவ்வேறுபாடு மனத்தில் நின்றால் பின்வரும் வரலாறு தெளிவாகும்.

சவர்க்கார உறையும் பச்சை முத்திரையும்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பெஞ்சமின் பாபிட் என்னும் சவர்க்கார வணிகர் ஒரு புதுமையைச் செய்தார். அதுவரை பெரும் பாளமாக இருந்து வேண்டிய அளவுக்கு வெட்டி விற்கப்பட்ட சவர்க்காரத்தைத் தனித்தனிக் கட்டியாக்கி உறையிட்டு விற்றார். அந்த உறைகளைச் சேர்த்து அனுப்பினால் வண்ணப்படம் ஒன்று பரிசாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். வெறும் உறைக்கு விலை கொடுப்பதா என்று தயங்கிய மக்கள் படத்துக்காக உறைகளைச் சேர்க்கலாயினர்.

1896-ஆம் ஆண்டில் ஸ்பெரி, ஹட்சின்சன் என்னும் இருவரின் நிறுவனம் பச்சை நிற வணிக முத்திரைகளை வழங்கத் தொடங்கியது. கடைக்காரர் அம்முத்திரைகளை விலை கொடுத்து வாங்கி, தம்மிடம் பொருள் வாங்குவோருக்கு 'இலவசமாக'க் கொடுப்பார். வாங்குவோர் அவற்றை ஏட்டில் ஒட்டிச் சேர்த்து, பின்னர் வீட்டுப் பொருளாக மாற்றிக் கொள்வர். முத்திரைக்குக் கடைக்காரர் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்டவர் சிலரே. பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம், ஒவ்வொரு முத்திரையின் மீதும் அதன் ரொக்க மதிப்பை அச்சிட வேண்டும் என்று விதித்தது. மாட்டின் வாயைச் சட்டம் சிறிதளவு திறந்து காட்டியது எனலாம்.

முழு விடை 1977-ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டில் பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி நிறுவனம் முத்திரை வழங்குவதை நிறுத்திவிட்டுப் பொருள்களின் விலையைக் குறைத்தது. மக்கள் அக்கடைகளில் திரண்டனர். முத்திரை நின்றதும் விலை இறங்க இடமிருந்தது என்றால், அதுநாள்வரை முத்திரையின் செலவை யார் சுமந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நீதிமன்றங்கள் கண்ட உண்மை

விளம்பரத்தில் கொடுத்த வாக்கு வணிகனைக் கட்டுப்படுத்துமா? பரிசு என்பது விலையின் பகுதியா? இவ்விரு வினாக்களும் நீதிமன்றங்களில் எழுந்தன.

முதல் வினாவுக்கு 1892-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடை கூறியது. கார்பாலிக் புகைப்பந்து என்னும் மருந்துக் கருவியை விற்ற நிறுவனம், அதனை முறைப்படி பயன்படுத்திய பின்னும் சளிக்காய்ச்சல் கண்டவருக்கு 100 பவுன் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்திருந்தது. தன் வாக்கில் உறுதியுண்டு என்பதற்குச் சான்றாக 1,000 பவுனை வங்கியில் வைத்திருப்பதாகவும் எழுதியது. கார்லில் என்னும் அம்மையார் அதனை வாங்கிப் பல வாரம் பயன்படுத்தியும் காய்ச்சலுற்றார், பணம் கேட்டார். விளம்பரம் வெறும் மிகைப்பேச்சு, அதனை யாரும் ஒப்பந்தமாகக் கொள்ளலாகாது என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. வாக்கை நம்பி அதன்படி நடந்தவருக்கு வாக்களித்தவன் கடன்பட்டவன் என்பதே தீர்ப்பு. ஆங்கிலச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றும் இவ்வழக்கை முதற்பாடமாகப் பயில்கின்றனர்.

இரண்டாம் வினாவுக்குரிய விடை 1959-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையிலிருந்து வந்தது. நெஸ்லே நிறுவனம் ஓர் இசைத்தட்டை 1 ஷில்லிங் 6 பென்சும் மூன்று சாக்லேட் உறைகளும் அனுப்புவோருக்குக் கொடுத்தது. வந்து சேர்ந்த உறைகளை அது குப்பையில் எறிந்துவிட்டது. பாடலின் உரிமையாளருக்குத் தர வேண்டிய பங்கைக் கணக்கிடும்போது, இசைத்தட்டின் விலை வெறும் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றது நிறுவனம். உறைகளும் விலையின் பகுதியே என்றனர் உரிமையாளர். ஐவரில் மூவர் உரிமையாளர் பக்கம் நின்றனர். குப்பைக்குப் போகும் காகிதமேயாயினும், அதனைக் கேட்டுப் பெற்றால் அது விலைதான் என்று முடிவாயிற்று.

1965-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேரி கார்ட்டர் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனத்தின் வழக்கை விசாரித்தது. ஒரு கலம் வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்துவந்தது. ஒரு கலத்தின் விலை 6 டாலர் 98 செண்டு என்றிருந்தது. ஆனால் அந்நிறுவனம் ஒருபோதும் ஒற்றைக் கலத்தை அவ்விலைக்கு விற்றதில்லை. எப்போதும் இரண்டாகவே விற்பனையாகும் பொருளில் ஒன்றை மட்டும் எவ்வாறு இலவசம் எனலாம்? இது மயக்கும் விளம்பரமே என்று கூட்டரசு வணிக ஆணையம் முன்னரே கூறியிருந்த முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பின்னர், 1971-ஆம் ஆண்டில், அவ்வாணையம் 'இலவசம்' என்னும் சொல்லை விளம்பரத்தில் கையாளும் முறைக்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நிபந்தனைகள் அந்தச் சொல்லின் அருகிலேயே தெளிவாக இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் ஒளித்தல் போதாது என்பது அவற்றுள் ஒன்று.

தொலைபேசி சந்தைக்கு வந்த கதை

தொலைபேசி உலகில் நெடுங்காலம் பரிசு என்னும் பேச்சே எழவில்லை. பெரும்பாலான நாடுகளில் தொலைபேசி அரசாங்கத் துறையாகவோ ஒற்றை நிறுவனத்தின் தனியுரிமையாகவோ இருந்தது. இணைப்புக்கு மக்களே வரிசையில் காத்திருந்த காலத்தில் அவர்களைப் பரிசு காட்டி அழைக்கத் தேவை ஏது?

1984-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் தனியாட்சி பிரிக்கப்பட்டது. தொலைதூர அழைப்புக்கு எந்த நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு வந்தது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டில் அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனமாக மாற்றப்பட்டது. சிங்கப்பூரில் 1997-ஆம் ஆண்டில் கைப்பேசிச் சேவைக்கு இரண்டாம் நிறுவனம் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொலைத்தொடர்புச் சந்தை முழுவதும் திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தது, கட்டணம் குறைந்தது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டியுடன் பரிசும் உள்ளே நுழைந்தது.

தொலைத்தொடர்புக்கும் பரிசுக்கும் இத்துணைப் பொருத்தம் ஏன்? சவர்க்காரம் ஒருநாள் வாணிகம். வாங்கியதும் கணக்கு முடிந்தது. தொலைத்தொடர்புச் சேவையோ மாதந்தோறும் தொடரும் வாணிகம். பரிசு முதல் நாளில் வருகிறது. அதன் விலை இருபத்துநான்கு மாதங்களில் சிறுசிறு துண்டாகப் பிரிந்து மறைகிறது. பரிசைக் கண் காணும். விலையைக் கணக்குப் போட்டால்தான் காண முடியும்.

காசோலையாக வந்த கண்ணி

1990-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளுக்குத் தொலைதூர அழைப்பு நிறுவனங்களிடமிருந்து உண்மையான காசோலைகள் அஞ்சலில் வந்தன. அதனை மாற்றப் பின்புறம் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பத்துக்கு மேலே, தன் தொலைபேசிச் சேவையை அந்நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்ற வாசகம் அச்சாகியிருக்கும். வேறு சிலர் பரிசுப்போட்டிச் சீட்டு என்று ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் தம் சேவை இன்னொரு நிறுவனத்துக்கு மாறியிருப்பதைக் கண்டு திகைத்தனர். 1995-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் ஒரு விதி செய்தது. சேவை மாற்றச் சம்மதப் பத்திரம் பரிசுச் சீட்டோடு கலவாமல் தனித்தாளாக இருத்தல் வேண்டும். காசோலைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதிலும் சம்மத வாசகம் தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

பரிசையும் ஒப்பந்தத்தையும் ஒரே தாளில் வைக்கலாகாது என்ற இவ்விதி சிறிதாகத் தோன்றலாம். தானத்தையும் விற்பனையையும் தனித்தனியே காட்டு என்பதே அதன் கருத்து.

மறதியே மூலதனம்

பரிசு கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பெரும்பாலோர் அதனைக் கேட்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுவதும் ஒரு முறை. இம்முறை எப்படிக் கவிழும் என்பதை ஹூவர் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் பிரிட்டனில் காட்டியது. 100 பவுனுக்குப் பொருள் வாங்கினால் இருவருக்கு இலவச விமானப் பயணம் என்று அது அறிவித்தது. முதலில் ஐரோப்பாவுக்கு என்றும், பின்னர் அமெரிக்காவுக்கு என்றும் வாக்களித்தது. படிவமும் தவணையும் வைத்தால் பலர் விட்டுவிடுவர் என்று எண்ணியது. மக்கள் விடவில்லை. விமானச் சீட்டுக்காகவே தூசு உறிஞ்சும் கருவிகளை வாங்கினர். சீட்டுக் கிடைக்காதவர் வழக்காடினர். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பவுன் செலவாயிற்று.

ஹூவர் இழந்தது, அதே உத்தியைக் கையாண்ட கைப்பேசிக் கடைகள் பல ஆதாயம் பெற்றன. 2006, 2007-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் 'பணம் திரும்பக் கிடைக்கும்' ஒப்பந்தங்கள் பெருகின. குறித்த மாதங்களில், குறித்த நாள்களுக்குள், கட்டணச் சீட்டை அனுப்பினால் பணம் வரும். ஒரு தவணை தவறினாலும் உரிமை போயிற்று. சில கடைகள் பணம் தருமுன்னரே நொடித்துப் போயின. ஆனால் மாதக் கட்டண ஒப்பந்தம் மட்டும் வாடிக்கையாளர் தலையில் நிலைத்து நின்றது. முறையீடுகள் குவிந்தபின், 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பாகிய ஆஃப்காம் கைப்பேசி விற்பனைக்குக் கட்டாய விதிகளைக் கொணர்ந்தது.

யாருடைய வாழ்நாள்?

2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் 'வாழ்நாள் முழுவதும்' செல்லும் கைப்பேசித் திட்டங்கள் விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஒரே முறை செலுத்தினால் உள்வரும் அழைப்புகளுக்கு ஆயுள் முழுவதும் கவலையில்லை என்று மக்கள் கொண்டனர். யாருடைய ஆயுள் என்ற வினாவை எழுப்பியது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். வாழ்நாள் என்பது நிறுவனத்தின் உரிமம் நடப்பிலிருக்கும் காலம் வரையே. அந்த உரிமம் முடியும் மாதத்தையும் ஆண்டையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டில் அது விதித்தது. வாங்கியவன் தன் வாழ்நாள் என்று எண்ணினான். விற்றவன் பத்திரத்தின் வாழ்நாளை எண்ணினான். ஒரே சொல், இரு பொருள்.

அதே நாட்டில் கேளாமலே தொடங்கிய பாட்டு, சோதிடம் முதலிய கூடுதல் சேவைகளுக்குப் பணம் பிடிக்கப்படுவதாக முறையீடுகள் எழுந்தன. வாடிக்கையாளரின் சம்மதத்தை உறுதி செய்யும் விதிகளை ஆணையம் 2011-ஆம் ஆண்டிலும் 2013-ஆம் ஆண்டிலும் பிறப்பித்தது. அமெரிக்காவிலும் இத்தீங்கு நிகழ்ந்தது. அங்கே சோதிடம், காதல் குறிப்பு முதலிய குறுஞ்செய்திகளுக்கென மாதம் 9 டாலர் 99 செண்டு வீதம் கட்டணப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் டி-மொபைல் நிறுவனம் குறைந்தது 9 கோடி டாலரும், ஏ.டி. அண்டு டி. மொபிலிட்டி 10 கோடியே 50 இலட்சம் டாலரும் செலுத்த உடன்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

தென்கொரியா சொன்ன சான்று

இலவசக் கைப்பேசியின் விலை மாதக் கட்டணத்தில் உள்ளது என்பதற்குத் தென்கொரியாவினும் தெளிவான சான்று அரிது. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கு நடப்புக்கு வந்த சட்டம், கைப்பேசிக்கு நிறுவனம் தரும் உதவித்தொகையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றது. அதனுடன், உதவித்தொகை வேண்டாதவருக்கு மாதக் கட்டணத்தில் தள்ளுபடி அளிக்கவும் வழி செய்தது. முதலில் அத்தள்ளுபடி நூற்றுக்கு 12 ஆக இருந்தது. 2015-இல் 20 ஆகவும், 2017-இல் 25 ஆகவும் உயர்ந்தது. பரிசு வேண்டாம் என்றவருக்குக் கட்டணத்தில் கால்பங்கு குறைகிறது என்றால், பரிசு பெற்றவர் செலுத்தியது என்ன? அச்சட்டம் 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. ஆயினும் அது வெளிப்படுத்திய கணக்கு மாறாதது.

இக்கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கலுக்கு மேற்பட்டதன்று. கைப்பேசி இலவசம், மாதக் கட்டணம் 98 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம் எனக் கொள்க. மொத்தம் 2,352 வெள்ளி. கைப்பேசி இன்றி அதே சேவை மாதம் 58 வெள்ளி எனின், மொத்தம் 1,392 வெள்ளி. இடைவெளி 960 வெள்ளி. அக்கைப்பேசி கடையில் 700 வெள்ளிக்குக் கிடைக்குமாயின், 'இலவசம்' பெற்றவர் 260 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தவராவார். இடையில் சேவையை நிறுத்தினால் செலுத்த வேண்டிய தண்டம் இக்கணக்கில் சேரவில்லை.

நம் நாட்டுச் சட்டங்கள்

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பரிசுகளைப் பற்றியே பேசுகிறது. கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசையோ இலவசப் பொருளையோ வழங்குவதாகக் கூறுவது குற்றம். கூறியபடி கொடுக்கும் எண்ணமின்றிக் கூறுவதும் குற்றம். பொய்யான கூற்றையும் மயக்கும் கூற்றையும் அதே சட்டத்தின் வேறு பிரிவுகள் தடுக்கின்றன. சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறிய நியாய வாணிகச் சட்டம், முக்கியச் செய்தியைச் சிறிய எழுத்தில் மறைப்பதையே நியாயமற்ற செயல்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய முறையீடுகளுக்கென மலேசியாவில் 2001-ஆம் ஆண்டு முதல் தொடர்புத்துறைப் பயனீட்டாளர் மன்றம் ஒன்றும் இயங்கி வருகிறது.

ஆயினும் சட்டத்தின் எல்லையை மறத்தலாகாது. சட்டம் பொய்யைத் தண்டிக்கும். கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காத பரிசைத் தண்டிக்கும். ஆனால், நிபந்தனைகளையெல்லாம் முறைப்படி அச்சிட்டு, அவற்றை எவரும் படிக்கமாட்டார் என்று நம்பியிருக்கும் வணிகனிடம் சட்டத்துக்கு அதிகம் பேச்சில்லை. அங்கே மிஞ்சி நிற்பது படிப்பவனின் கண் ஒன்றே. இழப்பும் எல்லோருக்கும் ஒன்றன்று. நாற்பது வெள்ளி கூடுதலாவதை மாத முடிவில் கவனியாத வீடும் உண்டு. அந்த நாற்பது வெள்ளி பிள்ளையின் பள்ளிக் காலணியாக இருந்த வீடும் உண்டு. ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க, 'இலவசம்' என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் பெரிதாக அச்சாகியிருந்தால், அவ்வீட்டார் எதை நம்பிக் கையொப்பமிடுவர்?

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு பங்குண்டு. கருத்துணர்தல் பாடத்துக்குக் கதையும் கட்டுரையும் எடுப்பதுபோல ஒரு விளம்பரத் தாளையும் எடுக்கலாம். உடுக்குறி எங்கே இருக்கிறது, அது எந்த அடிக்குறிப்பைச் சுட்டுகிறது, 'முதல்', 'வரை', 'உட்பட்டு' என்னும் சொற்கள் வாக்கியத்தின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன என்று மாணவர் கண்டறியட்டும். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, இடையில் விட்டால் என்ன, பரிசு வேண்டாமென்றால் விலை என்ன என்னும் நான்கு வினாக்களை அவர்கள் தாளின் ஓரத்தில் எழுதட்டும். வீட்டில் தாய் தந்தையர் கையொப்பமிடுமுன் அதனைப் படித்துச் சொல்லப்போகிறவர் பல வேளைகளில் அம்மாணவரே.

மெய்யான தானத்தைப் பல் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் பண்பு தமிழரிடம் என்றும் நிலைக்கட்டும். ஆனால் தானம் கொடுப்பவர் ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்பதில்லை. கையொப்பம் கேட்டால் அது சந்தை மாடு. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதில் நாணமில்லை.